இரண்டு தட்டு

குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை. கண்டக்டரம்மா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு இன்னும் ஒரு சுற்றுத் திருகிப் பார்த்தாள். குழாய் ஒரு தரம் இருமியது. அதோடு அதன் கதை முடிந்தது. குழாய்க்கு மேலே மஞ்சள் பெயின்டில் ஒரு பலகை: 'வருகைக்கு நன்றி. அடுத்த சீசனில் சந்திப்போம்.'

"சந்திப்போமாம்! வந்து நிக்கிறவளுக்கு ஒரு பக்கெட் தண்ணி குடுக்க வக்கில்ல, அடுத்த சீசன்ல சந்திக்கிறாங்களாம்!" என்று பலகையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். கேட்கத்தான் ஆள் இல்லை. ஏரிக்கரையில் ஈ காக்கை கிடையாது. படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஐஸ்கிரீம் கடை ஷட்டரில் பூட்டு. கழிப்பறை வரிசையில் பூட்டு. ஊஞ்சலைக்கூட விடவில்லை, சங்கிலியைச் சுருட்டி மேலே ஏற்றி அதற்கும் ஒரு பூட்டு. ஊஞ்சல் பலகையை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கிளம்பி மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமாக இதே லட்சணம்தான். மலைக்குப் போனார்கள், பனிமூட்டத்தில் மலையைக் காணோம். கடற்கரைக்குப் போனார்கள், 'கடலில் இறங்காதீர்கள்' என்று கொடி கட்டியிருந்தது. பூந்தோட்டம் ஒன்றுக்கு நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனார்கள், அங்கே தோட்டக்காரர் செடிகளையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுக் குச்சிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "பூவெல்லாம் எங்க?" என்று கண்டக்டரம்மா கேட்டதற்கு, "போச்சு" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

இந்த ஆளில்லாத காலத்தில்தான் ஊர் சுற்ற வேண்டும் என்பது அவள் கணவர் டிரைவரின் யோசனை. டிரைவர் என்பது அவர் வேலை, பெயர், குணம் எல்லாம். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினார். "முப்பது வருஷமா ஜனத்தைச் சுமந்தாச்சு. கால மிதிச்சவன், சில்லறைக்குக் கத்தினவன், ஜன்னல் வழியா துண்டு போட்டவன், எல்லாரையும் பாத்தாச்சு. இனிமே ஒரு மனுஷ மூஞ்சி கண்ணுல படக் கூடாது" என்று ஓய்வு பெற்ற அன்றே சொன்னார். அவர் மனைவி அதே பஸ்ஸில் கண்டக்டர். அவளுக்கு நேர் எதிர். கூட்டத்துக்குள் புகுந்து, பின் கதவிலிருந்து முன் கதவு வரைக்கும் எல்லோரையும் அதட்டி, நகர்த்தி, நலம் விசாரித்துக்கொண்டு போனால்தான் அவளுக்குப் பொழுது போன மாதிரி இருக்கும். அவளை ஒரு பூட்டிய ஊஞ்சலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வாள்?

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் உள்ளே உட்கார்ந்து ஜூஸ் குடிப்பதுதான் நம் ஞாபகத்துக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. ரொட்டி விநியோகம் செய்த பழைய வேன் ஒன்றை வாங்கி, டிரைவர் மெக்கானிக் ஷெட்டிலேயே குடியிருந்து மாற்றிக் கட்டியது. உள்ளே ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, பெட்டி வைத்த பெஞ்சு, அலமாரி அளவுக்கு ஒரு கழிப்பறை. எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று வெளியிலேயே முடிவு பண்ணிக்கொண்டு நுழைய வேண்டும், உள்ளே போய்த் திரும்ப முடியாது. முன்னால் ஓட்டுகிற இடத்துக்கும் பின்னால் இருக்கிற இந்த அரண்மனைக்கும் நடுவில் ஒரு தடித்த திரை. பின்பக்கம் ஜன்னல் கிடையாது. ரிவர்ஸ் எடுக்க ஒரு கேமரா வைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னபோது டிரைவர், "அது எதுக்கு? அவ இருக்காளே" என்று சொல்லிவிட்டார்.

அதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. டிரைவருக்குக் கண்டக்டரம்மா தட்டாமல் வண்டி எடுக்க வராது. பஸ்ஸில் பின் படிக்கட்டில் நின்றுகொண்டு அவள் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் போகலாம். ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். முப்பது வருஷம் அப்படியே ஓடியது. கண்ணாடியைப் பார்ப்பது, கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் மற்ற டிரைவர்களின் வேலை. இவர் காதால் ஓட்டுகிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இவரை 'டிரைவரண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் கல்யாணத்தன்று டிப்போ முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஓய்வு பெற்ற பிறகும், கேரவனைக் கிளப்ப வேண்டுமென்றால் இன்ஜினைப் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தவம் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவள் உள்ளே ஏறி, சுவரில் இரண்டு தட்டு தட்டினால்தான் கியர் விழும்.

சரி, குழாய்க்கு வருவோம். குழாயின் வால்வு எங்காவது தரைக்கடியில் இருக்கும், ஸ்பேனர் இருந்தால் நாமே திறந்துவிடலாம் என்று கண்டக்டரம்மா வண்டிக்குள் ஏறிப் பெஞ்சுப் பெட்டியைத் திறந்தாள். மேலே அவளுடைய கோடைக்காலப் பருத்திப் புடவைகள் இருந்தன. குளிரில் பல் கிட்டுகிற காலத்துக்கு இதை எதற்கு எடுத்து வைத்தார் இந்த மனுஷர் என்று முன்பே ஒரு தரம் நினைத்துச் சிரித்திருக்கிறாள். புடவைகளை ஒதுக்கினாள். அடியில் பழைய துண்டில் சுற்றி ஒரு பலகை கிடந்தது.

பிரித்தாள். வீட்டு வாசல் கதவில் இருக்க வேண்டிய பெயர்ப்பலகை. அவள் பெயர் முதலில், டிரைவர் பெயர் அதற்குக் கீழே. பலகையின் பின்பக்கம் நான்கு ஸ்க்ரூவையும் டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒரு ஸ்க்ரூ தொலைந்துவிடக் கூடாதாம், அவ்வளவு பொறுப்பு!

அவள் வெளியே வந்தாள். டிரைவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆளில்லாத ஏரியை ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

திரும்பிப் பார்த்தவர் முகம் சுண்டிவிட்டது. "அது வந்து... நம்ம போர்டு."

"நம்ம போர்டுன்னு எனக்குத் தெரியாதா? எழுத்து கோணலா இருக்குன்னு பெயின்டர் கூடச் சண்டை போட்டதே நான்தான். கதவுல இருக்க வேண்டியது இங்க எதுக்கு வந்துச்சு?"

"உக்காரு, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். எனக்கு நின்னு பழக்கம்."

டிரைவர் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார். "தம்பி கேட்டான். பசங்க வளந்துட்டாங்க, அந்தச் சின்ன வீட்டுல நெருக்கடி. நம்ம வீடு சும்மா பூட்டிதானே கிடக்குதுன்னு சாவியக் குடுத்தேன்."

"ஒரு மாசம் சுத்திட்டு வர்றோம், அதுக்கு எதுக்குக் குடி வைக்கணும்? போர்டை எதுக்குக் கழட்டணும்?"

"ஒரு மாசம்னு இல்ல... இனிமே நமக்கு எதுக்கு வீடு? வண்டி இருக்கு. இன்னிக்கு ஏரி, நாளைக்கு மலை. உனக்கும் வீடு கூட்டி, துடைச்சு, எல்லாத்துல இருந்தும் விடுதலை. மெதுவா சொல்லலாம்னு இருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்பே."

கண்டக்டரம்மாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால்கூட எதையாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். வேண்டாமென்று சொல்லுவாள் என்று தெரியும். தெரிந்ததால் கேட்கவில்லை. இதைவிட ஒரு மனுஷியை எப்படி அவமானப்படுத்த முடியும்? அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது விடிகாலை ஷிப்டுக்குப் போகுமுன் யூனிஃபார்மோடு நின்று சிமென்டுக்குத் தண்ணீர் பிடித்தவள் அவள். அவள் குள்ளம். அடுத்தவர் வீட்டு மேடைகளில் எல்லாம் தோள்பட்டையைத் தூக்கிக்கொண்டு காய் நறுக்கி நறுக்கி நொந்துபோனவள், தன் சமையல் மேடை தன் இடுப்புக்குச் சரியாக வர வேண்டும் என்று மேஸ்திரியை இடித்து இடித்துக் கட்ட வைத்தாள். உலகத்தில் அவள் உயரத்துக்கு என்று இருந்த இடம் அது ஒன்றுதான். அதைத் தூக்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, விடுதலையாம்!

"உங்க தம்பி மேல எனக்கு ஒண்ணும் இல்ல. கேட்டிருந்தா ஒரு ரூமை நானே ஒழிச்சுக் குடுத்திருப்பேன்" என்றாள். "நீங்க பண்ணினதுக்குப் பேரு என்ன தெரியுமா? திருட்டு."

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் டீ போட்டுக் கொடுத்தார், அவள் குடிக்கவில்லை. முட்டை பொரித்து ரொட்டியோடு கொடுத்தார், திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேசிக்கொண்டே இருக்கிற வாய் மூடிக்கொண்டால் வண்டி எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் டிரைவருக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை டிரைவர் நாற்காலியை மடித்தார். "அடுத்த ஏரிக்குப் போவோம், அங்க தண்ணி வருதாம்" என்று திரையிடம் சொன்னார். திரைக்குப் பின்னால் அவள் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். டவுன் வரைக்கும் போவது, அங்கே இறங்கி வீட்டுக்குப் பஸ் ஏறுவது. ஆனால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போவாள். அழுக்குத் தலையோடு சண்டைக்குப் போக அவளுக்குப் பிடிக்காது.

அந்த இடத்தைக் காவல் காக்கிற ஆள் ஒருவர் கேட்டுப் பக்கத்து அறையிலேயே அடைந்து கிடந்தார். கழுத்தில், காதில், தலையில் ஒரே மஃப்ளரைச் சுற்றியிருந்ததால் அவள் அவருக்கு மஃப்ளர் என்று பெயர் வைத்திருந்தாள். "தம்பி, குளிக்க ஒரு வழி பண்ணுங்க" என்றதும், தன் அறைக்குப் பக்கத்தில் ஊழியர்களுக்கான குளியலறையைத் திறந்துவிட்டார். வெந்நீர் வந்தது. மூன்று வாரத்தில் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்ட முதல் குழாய் அதுதான். நன்றாக நேரம் எடுத்துக் குளித்தாள்.

டிரைவர் கேட்டுக்கு அருகில் நின்ற வண்டியில் ஏறி, இன்ஜினைப் போட்டு, ஜன்னலை ஏற்றிவிட்டு, வழக்கம்போல் தவத்தில் உட்கார்ந்தார். மஃப்ளர் கேட்டைத் திறக்க வந்தார். வண்டியின் பின்பக்கச் சுவரில் கேஸ் சிலிண்டர் வைக்கிற சின்னக் கதவு சரியாகச் சாத்தாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், நல்ல மனுஷர். போகிற வழியில் பிய்ந்துகொண்டு விழுந்துவிடுமே என்று அதைச் சாத்தி உள்ளங்கையால் அடித்தார். மூடவில்லை. இன்னொரு அடி அடித்தார்.

டப். டப்.

வண்டி கிளம்பிவிட்டது.

கண்டக்டரம்மா ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் சோப்பு டப்பாவும் பிளாஸ்டிக் மக்குமாக வெளியே வந்தபோது, மஃப்ளர் கேட்டில் நின்று "ஓய்! ஓய்!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஏரிக்கரைச் சாலையின் வளைவில் அவள் வீட்டுக்காரரும், அவள் செல்போனும், அவள் உடுதுணியும், அவள் வீட்டுப் பெயர்ப்பலகையும் ஒன்றாகத் திரும்பி மறைந்தார்கள்.

"அம்மா, நான் வெறும் கதவைத்தான் சாத்தினேன்..."

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"ரெண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா? நேற்றிலிருந்து அவள் பேசாமல் இருந்ததால், ஆள் இல்லாததும் ஆள் இருப்பதும் அவருக்கு ஒன்றாகிவிட்டது.

மஃப்ளர் அவளைத் தன் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் போனைக் கொடுத்தார். அவளுக்கு டிரைவரின் நம்பர் மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இப்போது யார் நம்பர் தெரிகிறது? அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர்தான், வீட்டுத் தொலைபேசி. எல்லோரும் அதை எடுத்துவிடச் சொன்னபோதும் இருக்கட்டும் என்று பிடிவாதமாக வைத்திருந்தாள். அங்கே அடித்தால் கொழுந்தன் எடுத்து அண்ணன் நம்பரைச் சொல்லுவான்.

மணி போனது. ஒரு பெண் குரல் எடுத்தது.

"ஹலோ, யாரு வேணும்?"

அவள் வீட்டுக்கு அவளே போன் செய்து, யார் வேண்டும் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டாள்.

"நான்தான்."

"அக்கா!" கொழுந்தன் பெண்டாட்டி, அவளுடைய ஓரகத்தி, உண்மையான சந்தோஷத்தோடு கூவினாள். பின்னால் டங் டங்கென்று ஏதோ சத்தம். "எப்படி இருக்கீங்க? ஊரெல்லாம் நல்லா சுத்துறீங்களா? குடுத்து வெச்சவங்க அக்கா நீங்க. அத்தான் சொன்னாரு, இந்த வீடே உங்களுக்குப் பிடிக்காமப் போச்சு, அங்க இங்கன்னு பறந்துக்கிட்டே இருக்கணும்னு நீங்கதான் ஆசைப்பட்டீங்கன்னு."

"நானா?"

"ஆமாக்கா. அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சமையல் மேடை எனக்கு ரொம்பக் குட்டையா இருக்குக்கா, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு. அதான் ஆள் வந்திருக்காரு, இடிச்சுட்டு ஒரு சாண் உசத்தி..."

"நிறுத்து."

"என்னக்கா?"

"சுத்தியலை நிறுத்தச் சொல்லு!"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா, அப்புறமா கூப்பிடுறேன், என்ன?"

போன் வைக்கப்பட்டது. திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஓரகத்தியின் மேல் கோபப்படக்கூட வழியில்லை என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செய்ததையும் செய்துவிட்டு, அதற்கு ஆசைப்பட்டவள் இவள்தான் என்று இவள் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார் மகராசன்!

"தம்பி, டவுனுக்குப் பஸ் உண்டா?"

"சீசன்ல அரை மணிக்கு ஒண்ணு. இப்போ காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. காலை பஸ் அதோ திரும்பிட்டிருக்கு பாருங்க."

அவள் ஈரத்துண்டோடும் மக்கோடும் ஓடினாள்.

கண்டக்டர் இல்லாத பஸ் அது. டிரைவரே எல்லாம். சின்னப் பையன்தான், வெயில் என்பதே இல்லாத அந்தக் காலத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். "என்கிட்ட காசு இல்ல. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நானும் பஸ்ல வேலை பாத்தவதான்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். கறுப்புக் கண்ணாடி அவள் கையிலிருந்த மக்கைப் பார்த்தான். "பொய் சொல்றவங்க இதைத் தூக்கிக்கிட்டு வர மாட்டாங்க. ஏறுங்கம்மா" என்றான். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காலி இருக்கை நிறைய இருந்தும் கண்டக்டரம்மா பின் கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏரிக்கரைச் சாலை ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பாறை. பாதி தூரம் போயிருக்கும். வளைவில் எதிரே ஒரு வெள்ளை வண்டி லைட்டைப் போட்டுக்கொண்டு பறந்து வந்து, பஸ்ஸைப் பார்த்ததும் கிறீச்சென்று நின்றது. அவளுக்கு இறங்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பிரேக் பிடிக்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்தது.

நடந்தது பிறகு தெரிந்தது. மெயின் ரோடு சந்திப்பில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, தட்டு வரும் என்று உட்கார்ந்திருந்தாராம். தட்டு வரவில்லை. கோபத்தில் இருக்கிறாள், ஆறட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாராம். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைசியில் திரையை விலக்கிப் பார்த்தால் பெஞ்சில் புடவைகள்தான் இருந்திருக்கின்றன. பயத்தில் தட்டுகூட ஞாபகம் வராமல், சந்திப்பிலேயே ஒரு வட்டம் அடித்துத் திரும்பியிருக்கிறார்.

கறுப்புக் கண்ணாடி ஹாரனை அமுக்கினான். "யோவ் பெரியவரே, பின்னால எடு! பஸ்ஸுக்கு வழி விடு!"

கேரவன் ஒரு அடி பின்னால் போனது. பின் சக்கரம் தண்ணீர்ப் பக்கம் இறங்கப் பார்த்தது, நின்றுவிட்டது. மறுபடி முன்னால் வந்தது. பின்பக்கம் ஜன்னல் இல்லை, பக்கக் கண்ணாடி முழுக்கப் பனி. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அப்போதுதான் பஸ்ஸின் பின் கதவிலிருந்து தலையில் துண்டோடு இறங்கி வருகிறவளைப் பார்த்தார். அவர் முகத்தில் உயிர் வந்தது.

"ஏம்மா! நல்லவேளை! நான் பயந்தே போயிட்டேன்! வா வா, பின்னால போய் நின்னு தட்டு, ஓரமா எடுத்துடலாம்."

கண்டக்டரம்மா கேரவனுக்குள் ஏறினாள். பெயர்ப்பலகையையும் தன் போனையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நடந்து வண்டியின் பின்னால் போய் நின்றாள். டிரைவர் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தட்டு வரவில்லை.

"தட்டும்மா!" என்றார்.

"எதுக்குத் தட்டணும்?"

"என்ன கேள்வி இது? நீ தட்டாம நான் எப்படி எடுக்குறது? ஆத்துல விட்டுடுவேன்ல?"

"அது ஏரி" என்றாள் கண்டக்டரம்மா. அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலைத் திறந்தார்கள். "ஒரு வண்டிய ஒரு அடி நகத்துறதுக்கு நான் தட்டணும். முப்பது வருஷமா என்னைக் கேக்காம ஒரு ஸ்டாப்பிங்ல இருந்து நீங்க எடுத்தது இல்ல. என் வீட்டை எடுத்தீங்களே, அதுக்கு யாரு தட்டினது?"

டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க டிரைவர் சார். யாரு தட்டினா?"

"தெரியாம பண்ணிட்டேன்மா..."

"தெரியாமப் பண்ணல. கேக்காமப் பண்ணினீங்க. ரெண்டும் வேற. கேட்டா வேணாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சே பண்ணினீங்க. அது போதாதுன்னு, நான்தான் ஆசைப்பட்டேன்னு என் தலையில கட்டினீங்க. அங்க இப்போ என் சமையல் மேடைய இடிச்சுக்கிட்டு இருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த மேடையை மேஸ்திரி முதல்முறை உயரமாகக் கட்டிவிட்டபோது, அவள் எட்டாமல் நின்றதைப் பார்த்துச் சிரித்தவர் அவர். மூன்றாவது முறை சரியாக வந்தபோது முதல் டீயை அதில் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

"பெரியவரே, குடும்பச் சண்டைய அப்புறம் வெச்சுக்கலாமா?" என்றான் கறுப்புக் கண்ணாடி, ஆனால் ஹாரன் அடிக்கவில்லை. ஜன்னலில் இருந்த ஒரு டீச்சரம்மா, "நீ கொஞ்சம் இருப்பா" என்று அவனை அடக்கினாள்.

"உங்க தம்பிக்குப் போன் போடுங்க" என்றாள் கண்டக்டரம்மா. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அப்புறம்தான் தட்டுவேன்."

டிரைவர் போன் போட்டார். கொழுந்தன் எடுத்தான். டங் டங் சத்தம் ஏரி வரைக்கும் கேட்டது.

"டேய், மேடைய இடிக்கிறத நிறுத்தச் சொல்லுடா."

"ஏன்ணா? ஒரு பக்கம் இடிச்சாச்சே."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். "நிறுத்துடா முதல்ல." சத்தம் நின்றது. "நாங்க திரும்பி வர்றோம். உங்க அண்ணி வீட்டை விட்டு வரணும்னு ஆசைப்படல. நான் அவகிட்ட கேக்கவே இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"அண்ணியக் கேக்காமயா நாங்க இங்க வந்து உக்காந்திருக்கோம்?" என்று கொழுந்தன் மெல்லக் கேட்டான். பாவம், அவன் குரல் செத்துப்போயிருந்தது. "நாங்க காலி பண்ணிடுறோம்ணா. எப்போ வர்றீங்க?"

டிரைவர் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தரம் டிரைவர் சீட்டில் இருந்தபடி கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ரிவர்ஸ்லயே வர்றோம்னு சொல்லுங்க" என்றாள் அவள். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேரவனின் பின் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். வண்டி பின்னால் வந்தது. தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தபோது ஒரு தட்டு, நின்றது. மறுபடி இரண்டு. இப்படியே, எதிரே பஸ் மெதுவாக உருண்டு வர, நடுவில் கேரவன், கடைசியில் தூறலில் நனைந்துகொண்டு கண்டக்டரம்மா என்று ஊர்வலம் மெயின் ரோடு வரைக்கும் வந்தது. கால் வலித்தது. அவள் ஏறிக்கொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடி கையை ஆட்டிவிட்டுப் போனான்.

சந்திப்பில் டிரைவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இடது பக்கம் அடுத்த ஏரி. வலது பக்கம் வீடு. அவருக்குத் தெரியாத வழியா? கொழுந்தனிடம் சொல்லியும் ஆகிவிட்டது. இருந்தாலும் இறங்கி வந்து, ஈரத்தில் அவள் எதிரே நின்று கேட்டார்.

"எந்தப் பக்கம் போகலாம்?"

கண்டக்டரம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. சமாதானத்தில் கலங்கவில்லை. இவ்வளவு சின்னக் கேள்வி இந்த மனுஷர் வாயிலிருந்து வர ஒரு பக்கம் மேடை இடிபட வேண்டியிருந்ததே என்ற ஆத்திரத்தில் கலங்கியது.

"வீட்டுக்கு" என்றாள். பலகையை அவர் கையில் கொடுத்தாள். "இதை நீங்களே மாட்டுங்க. நாலு ஸ்க்ரூவும் இருக்கில்ல?"

அவர் பலகையைத் திருப்பி, டேப்பைத் தடவிப் பார்த்தார். நாலும் இருந்தது.

அவள் பின்னால் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் காத்திருந்தார். அவள் துண்டை அவிழ்த்து, தலையை நிதானமாகத் துவட்டி, முடியை உதறி, கொண்டை போட்டு முடித்தாள். அவர் இன்னும் காத்திருந்தார். அதற்குப் பிறகு கையை நீட்டி, சுவரில் இரண்டு தட்டு தட்டினாள்.